பாப்பாவுக்கு முதல் பழம்: ஒரு நூறு வருஷக் கதை

புனேயில் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிற வீடுகளை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். மசித்து ஊட்டுகிற கட்சி, ஊட்டாத கட்சி. இரண்டாவது கட்சியின் கொள்கைக்கு 'பேபி லெட் வீனிங்' என்று பெயர். குழந்தையை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, பழுத்த பப்பாளிக் கீற்று, ஆவியில் வெந்த ஆப்பிள் துண்டு, பாதி வாழைப்பழம் என்று முன்னால் வைத்துவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எடுப்பது, சப்புவது, துப்புவது எல்லாம் துரை இஷ்டம். பிரிட்டனில் ஹெல்த் விசிட்டராக இருந்த ஜில் ராப்லி இந்தப் பெயரைப் பரப்பினார். ட்ரேசி மர்கெட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 2008-ல் வந்தது.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்ததும் நாகர்கோவிலிலிருந்து அம்மா போனில் கேட்டது ஒரே கேள்விதான். "மக்ளே, பிள்ளைக்குத் தொண்டையில அடைச்சிராதா?" நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எனக்கு இருந்த கேள்வி வேறு. 'குழந்தைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும்' என்று இந்தக் கட்சிக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவில் கொண்டுபோய் விட்டது. அங்கே முதலில் தெரிந்த விஷயமே ஆச்சரியம். பழம், காய்கறி என்றாலே அந்தக் காலத்து அமெரிக்க டாக்டர்கள் கைக்குழந்தையைத் தள்ளித் தூக்கிக்கொள்ளச் சொல்வார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. 1832-ல் காலரா வந்தபோது பழத்தின் மேல்தான் பழி விழுந்தது. சில நகரங்களில் பழம் விற்கவே தடை போட்டார்கள். கோடை வந்தால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கோடையில்தான் பழமும் வரும். இரண்டையும் முடிச்சுப் போட்டாயிற்று. அசுத்தமான தண்ணீரும் கெட்டுப்போன பாலும் பிடிபடப் பல வருஷம் ஆனது. அதுவரை பாலும் கஞ்சியும்தான் பத்திரம்.

அந்தப் பத்திரமான சாப்பாட்டிலும் ஒரு வியாதி ஒளிந்திருந்தது. 1883-ல் லண்டன் டாக்டர் தாமஸ் பார்லோ சில குழந்தைகளைப் பற்றி எழுதினார். காலைத் தொட்டால் அலறுகிற, ஈறு வீங்கி ரத்தம் கசிகிற குழந்தைகள். கப்பல் மாலுமிகளுக்கு வருகிற ஸ்கர்வி என்று அவர் நிறுவினார். 1898-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 379 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டியது. அதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலானவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். காசு கொடுத்து டப்பா மாவும் டப்பாப் பாலும் வாங்க முடிந்தவர்கள்! ஆரஞ்சுச் சாறு கொடுத்தால் சில நாளிலேயே தெளிந்தார்கள். வைட்டமின் என்ற சொல்லை காசிமிர் ஃபங்க் உண்டாக்கியதே 1912-ல்தான்.

இந்த இடத்தில் கதை கொஞ்சம் இருண்டு போகிறது. நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹெஸ் என்ற டாக்டர், யூத அனாதைக் குழந்தைகள் விடுதி ஒன்றில், பாஸ்டரைஸ் செய்த பாலை மட்டும் கொடுத்தால் ஸ்கர்வி வருகிறது, ஆரஞ்சுச் சாறு அதைத் தடுக்கிறது என்று காட்டினார். எப்படிக் காட்டினார்? ஆரஞ்சுச் சாற்றை நிறுத்திப் பார்த்துத்தான். 1921-ல் 'த நேஷன்' பத்திரிகையில் ஒருவர் இதைக் கண்டித்து எழுதினார். இன்று எந்த டாக்டரும் சாதாரணமாகச் சொல்கிற 'பழம் கொடுங்க' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால், கேட்க நாதியில்லாத சில குழந்தைகளின் ஈறும் எலும்பும் இருக்கிறது. எனக்கு இதைப் படித்த அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை.

ஒரு சின்ன கிளைக் கதை, வாழைப்பழம் பற்றியது என்பதால். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் வயிறு உப்பி மெலிகிற சீலியாக் நோய்க் குழந்தைகளுக்கு 1924-ல் சிட்னி ஹாஸ் என்ற நியூயார்க் டாக்டர் வாழைப்பழ வைத்தியம் சொன்னார். குழந்தைகள் தேறின. வாழைப்பழத்துக்கு ஏகப்பட்ட கீர்த்தி. நிஜக் காரணம், அந்தப் பத்தியத்தில் ரொட்டி கிடையாது. கோதுமைதான் வில்லன் என்று டச்சு டாக்டர் வில்லம் டிக்கே இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருஷங்களில் நிறுவினார். தட்டில் இருந்ததற்குப் பெயர். வேலை செய்தது தட்டில் இல்லாதது.

இப்போது 1928-க்கு வருவோம். என்னைக் கேட்டால் குழந்தைச் சாப்பாட்டுச் சரித்திரத்தில் இது முக்கியமான வருஷம். இரண்டு சம்பவங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

ஒன்று, மிச்சிகன் மாநிலம் ஃப்ரீமாண்ட் என்ற சிற்றூரில். டாரதி ஜெர்பர் தன் மகளுக்கு வீட்டில் காய்களை வேகவைத்து வடிகட்டிக் களைத்துப்போய், குடும்பத்துக்குச் சொந்தமான டப்பா உணவுத் தொழிற்சாலையிலேயே இதைச் செய்யக்கூடாதா என்று கணவரிடம் கேட்டாராம். கம்பெனி சொல்கிற கதை இது. 1928-ல் பட்டாணி, கேரட், கீரை, உலர்ந்த பிளம்ஸ் எல்லாம் கூழாக டப்பாவில் வந்தன. பழமும் காயும் ஆகாது என்ற பயம் விலகிய நேரம். சந்தை திறந்துகொண்டது.

திறந்த சந்தை சும்மா இருக்குமா? பழக்கூழ் ஆரம்பிக்கிற வயது இறங்கிக்கொண்டே போனது. 1950-களில் ஒன்றரை மாதக் குழந்தைக்குக்கூட கூழ் ஊட்டுவது சாதாரணம். மயாமியில் வால்டர் சாக்கெட் என்ற டாக்டர் பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே தானியக் கூழ் என்றார்! ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொன்னது 2001-ல். அப்புறம் பீச்நட் கம்பெனியின் ஆப்பிள் சாறு. 1977 முதல் 1982 வரை குழந்தைகளுக்கென்று நூறு சதவீத ஆப்பிள் சாறாக அவர்கள் விற்றது சர்க்கரைத் தண்ணீரும் வாசனையும்தான். 1987-ல் 215 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு 20 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2023-ல் அமெரிக்காவில் பிதுக்கிச் சாப்பிடுகிற ஆப்பிள் கூழ்ப் பைகளில் ஈயம் இருந்தது தெரிந்தது. அதில் போட்ட பட்டைப் பொடியில் ஈயக் கலப்படம். 500-க்கும் மேற்பட்ட பாதிப்புகள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

1928-ன் இரண்டாவது சம்பவம் இவ்வளவு சத்தம் போடவில்லை. டாக்டர் கிளாரா டேவிஸ் அந்த வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போதைய டாக்டர்கள் இன்ன வயதில் இன்ன உணவு, இத்தனை அவுன்ஸ் என்று சீட்டு எழுதித் தருவார்கள். குழந்தை சாப்பிடாமல் அடம்பிடிக்கும், அம்மா அழுவாள். (இன்றும் அதேதானே!) குழந்தைகளிடமே விட்டுப் பார்த்தால் என்ன என்று டேவிஸ் யோசித்தார். பெற்றோர் வளர்க்க முடியாமல் ஒப்படைத்த, தாய்ப்பால் தவிர வேறு ருசி அறியாத குழந்தைகள். கடைசியில் மொத்தம் 15 பேர், வேலை பெரும்பாலும் சிகாகோவில், சிலரை வருஷக்கணக்காக.

பட்டியலில் முப்பதுக்கு மேற்பட்ட உணவுகள். ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சு, அன்னாசி, பீச், தக்காளி. கூடவே பீட்ரூட், கீரை, உருளை, ஓட்ஸ், கோதுமை, முட்டை, பால், புளித்த பால், மாட்டிறைச்சி, கோழி, மீன், ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை. உப்பு தனிக் கிண்ணத்தில். ஒவ்வொரு வேளையும் இதில் ஒரு பகுதியைத் தட்டில் அடுக்கி முன்னால் வைப்பார்கள். நர்ஸ் கையில் ஸ்பூனுடன் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை கையை நீட்டினால் அதிலிருந்து ஒரு ஸ்பூன். இல்லையென்றால் இல்லை. 'இது நல்லது கண்ணா' எல்லாம் கிடையாது.

குழந்தைகள் விசித்திரமாகச் சாப்பிட்டன. ஒன்று காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இன்னொன்று இரவில் முட்டை, வாழைப்பழம், பால். சில நாள் ஒரே பழத்தின் மேல் பித்து, பிறகு திரும்பிப் பார்க்காது. ஆனால் கணக்குப் போட்டால் சத்துக் குறை இல்லை. நன்றாக வளர்ந்தன. ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் எண்ணெயும் வைத்தார்கள். எலும்பு குணமாகும் வரை அவ்வப்போது குடித்தது, பிறகு தொடவில்லையாம்.

இதைத்தான் பலரும் 'குழந்தைக்கு எல்லாம் தெரியும்' என்று எடுத்துக்கொண்டார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. 1939-ல் வந்த கட்டுரையில், இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, அது உணவுப் பட்டியலில் இருக்கிறது என்று அவரே உடைத்துச் சொல்லிவிட்டார். அந்தப் பட்டியலில் சர்க்கரை இல்லை, டப்பா உணவு இல்லை, பிஸ்கட் இல்லை. எதை எடுத்தாலும் நல்லதுதான் என்றால் யார் எடுத்தாலும் தப்பாக எடுக்க முடியாது. அளவு குழந்தையின் பொறுப்பு, பட்டியல் பெரியவர்களின் பொறுப்பு. பேபி லெட் வீனிங் பேசுகிற பலர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, நம் வீட்டுத் தட்டுக்கு. நான் பிறந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் குழந்தைக்குப் பழம் என்றால் மட்டிதான். விரல் நீளம், நல்ல மணம், வாயில் வைத்தால் கரையும். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. புனேயில் மட்டிக்கு எங்கே போக? வேல்ச்சி என்று இங்கே ஒரு சின்ன வாழைப்பழம் கிடைக்கிறது, கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. பப்பாளி, பழுத்த சப்போட்டா, பருவத்தில் மாம்பழம், விதை நீக்கிய பழுத்த கொய்யா இருக்கும்போது கிவிக்கும் அவகாடோவுக்கும் காசைக் கொட்ட அவசியம் இல்லை. பழத்தைப் பிழிந்து சாறாக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் சொல்லிவிட்டது. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைதான், ஆச்சிகள் கோபித்துக்கொண்டாலும்.

பழம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் குழந்தைக்கு இரும்புச் சத்து அவசரம், பழத்தில் அது சொற்பம். டேவிஸின் தட்டில் ஈரல் இருந்ததை மறக்கக் கூடாது. நம் வீட்டில் பருப்பு, கேழ்வரகு, முட்டை, சாப்பிடுகிறவர்கள் என்றால் மீன், ஈரல். பக்கத்தில் ஒரு கொய்யாத் துண்டோ ஆரஞ்சுச் சுளையோ இருந்தால் பருப்பின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 206 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வந்தது. தானே எடுத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கும் ஊட்டப்பட்டவர்களுக்கும் தொண்டை அடைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெற்றோருக்கு எது ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முழுத் திராட்சை, பச்சை ஆப்பிள் துண்டு, கடலை இதெல்லாம் ஆகாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும். ஆப்பிள் விரலால் நசுக்கினால் நசுங்குகிற அளவு வேக வேண்டும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் கையில் மொபைல் இருக்கக் கூடாது. இவ்வளவையும் போனில் சொன்னேன். "பக்கத்துல இருந்தா சரி" என்றார் அம்மா.

டேவிஸுக்கு ஒரு ஆசை பாக்கி இருந்தது. கடையில் விற்கிற பதப்படுத்திய உணவுகளைத் தட்டில் வைத்து இதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பணம் இல்லாமல் போய் அது நடக்கவில்லை. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு பெரியவர்கள் 20 பேரை வைத்து அதைப் போல ஒன்றைச் செய்தது. இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரி உணவு, இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இஷ்டம்போல் சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் ஒரு நாளைக்கு 500 கலோரி வாக்கில் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல்.