முப்பது வருட வில்லங்கம்

"வீட்ட விடுங்க சார், மனையப் பாருங்க" என்றார் தரகர். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமம். தெருவைப் பார்த்த திண்ணை, நடை, முற்றம், பின்கட்டு, கிணறு, அதற்குப் பின்னால் நீண்டு போகும் கொல்லை. மொத்தம் 30 சென்ட். அவர் கணக்கில் வீட்டுக்கு மதிப்பே இல்லை. "இடிச்சா தேக்கு காசு தேறும், செங்கல் காசு தேறும், அவ்ளோதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, 2014-இல் மூடிக்கொண்டு போனது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி இறந்த ஊர் என்றிருந்த பகுதி, ஷிஃப்ட் பஸ்ஸும் கன்டெய்னர் லாரியுமாக மாறிய பிறகு இங்கே மண்ணுக்குத்தான் விலை. மண்ணின் மேல் நிற்பது இடைஞ்சல்.

மனை வேறு, வீடு வேறு என்பது தரகரின் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், அங்கே வெட்டிய கல்வெட்டு குடவோலைக்குத் தகுதியானவர் யார் என்று பட்டியலிடுகிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். அத்தோடு, தனக்குச் சொந்தமான மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்கவும் வேண்டும். வீடு இருந்தால் போதாது, அடிமனையும் உன்னுடையதா என்று கேட்கிறார்கள். அப்படியென்றால் அடுத்தவர் மனையில் வீடு கட்டி இருந்தவர்களும் அந்தக் காலத்தில் இருந்திருக்க வேண்டும். வயது வரம்பு 35 முதல் 70. எனக்கு அப்போதுதான் 35 முடிந்திருந்தது. மனைதான் இல்லை.

வீட்டைப் பார்க்க எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரை அழைத்துப் போனேன். என் அப்பாவின் வயது, சுண்ணாம்பில் வேலை செய்து பழகிய கடைசித் தலைமுறை. மெட்ராஸ் டெரஸ் போட்ட மச்சு வீடு. தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் அச்சுக்கல் எனப்படும் மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்திக் குறுக்குச் சாய்வில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, உச்சியில் தட்டோடு பதிப்பது. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது.

கொத்தனார் மேலே பார்க்கவே இல்லை. உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தை ஆணியால் குத்திக்கொண்டே போனார். "நடுவுல ஒடையாது தம்பி. தண்ணி செவுத்து வழியா எறங்கி முனையிலதான் உக்காரும். முனை மக்கினா மச்சு உக்காந்துரும்." பதினேழு உத்தரங்களில் மூன்றில் ஆணி உள்ளே போனது. அதைவிட அவருக்குக் கோபம் வந்தது, வெளிச்சுவருக்கு யாரோ சமீபத்தில் பூசிய சிமென்ட் பூச்சைப் பார்த்துத்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். இடுப்பு உயரம் வரை உட்பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது. தட்டினால் பொத்பொத்தென்று சத்தம். "வீட்ட அழகு பண்றேன்னு மூச்சடைச்சுட்டானுங்க." ஆனாலும் அஸ்திவாரம் இறங்கவில்லை, வாசற்கால் சட்டம் கோணவில்லை. மூன்று உத்தரம் மாற்றி, சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால் இன்னும் ஐம்பது வருடம் நிற்கும் என்றார். எனக்கு அன்றைக்கே வாங்கிவிட்டது போலிருந்தது.

காகிதங்களும் சுத்தமாகவே இருந்தன. 30 சென்ட் இரண்டு துண்டு. வீடு நிற்கும் 12 சென்ட் கிராம நத்தம். பின்னால் கொல்லை 18 சென்ட், தனி சர்வே எண், விற்பவர் குடும்பத்தின் பெயரிலேயே பட்டா. முப்பது வருட வில்லங்கச் சான்றில் அடமானம் இல்லை, வழக்கு இல்லை. வங்கிகள் வழக்கமாகக் கேட்பதும் இந்த முப்பது வருடத்தைத்தான். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு பழைய நிரலில் பிழை எங்கே நுழைந்தது என்று தேடும்போது, கடைசி நூறு மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நான் சொல்வதில்லை. வீடு வாங்கும்போது மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்? எங்கள் வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "யூ.டி.ஆர்.க்கு முந்தின அ-பதிவேடு பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

இந்தப் பகுதிக்கு உலகத்திலேயே அபூர்வமான ஒரு கணக்கு உண்டு. 1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இங்கே இரண்டாயிரத்தை ஒட்டிய கிராமங்களை அளந்தார். எத்தனை வீடு, எந்தச் சாதியார், வீடும் கொல்லையும் அடைத்துக்கொண்ட நிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு, களத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் அதில் உண்டு. தரம்பால் அந்தக் கணக்குகளைத் தேடி எடுத்துப் பேசிய பிறகுதான் நம்மவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பர்னார்ட் முடித்த ஆறே வருடத்தில் ஹைதர் அலியின் படை வந்தது. 1780 செப்டம்பரில் பொள்ளிலூர்ப் போர். கிராமங்கள் காலியாயின. 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் திரும்ப ஆளைக் குடியேற்றி ஏரிகளைச் சீர் செய்யப் பார்த்தபோது மோதியது மிராசுதார்களோடு. ஊர் நிலம் பங்கு பங்காக அவர்களுடையது, வயலும் நத்தமும் சேர்ந்து. மிராசு என்றால் என்ன என்று கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எல்லிஸ் துரை எழுதிய பதில் ஒரு தனிப் புத்தகம்.

சேரியில் இருந்தவர்களுக்கு இதன் பொருள் ஒன்றுதான். வேலை கொடுப்பவனே குடிசை நிற்கும் தரைக்கும் உரிமை கொண்டாடினான். கூலி போதாது என்றால் வீடு போகும். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையின் நெஞ்சு இந்த இடம்தான். தரிசு நிலத்துக்கு அவர்கள் மனுப் போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை என்று தட்டிவிடப்பட்டதையும் அவர் காட்டினார். அதன் விளைவு 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒப்படைக்கலாம். பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். நூறு வருடம் கழித்து இதே சீமையில், காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அந்த வருடம் நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். எனக்கு அந்தப் பெயர்களை யாரும் சொல்லித்தந்ததில்லை.

பழைய பதிவேட்டின் நகல் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. கொல்லையின் இன்றைய சர்வே எண், ஒரு ஏக்கர் பத்து சென்ட் கொண்ட பழைய எண்ணின் மூன்று உட்பிரிவுகளில் ஒன்று. பழைய எண்ணுக்கு எதிரே வேறொரு பெயர். குறிப்புக் கலத்தில், நிபந்தனை ஒப்படை.

எப்படி மாறியது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர் அரசு பரம்பரைக் கர்ணங்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. நல்ல காரியம்தான், ஆனால் எந்தத் துண்டு யாருடையது என்ற ஞாபகமும் அவர்களோடு போயிற்று. ஞாபகம் எல்லாம் நேர்மையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில்தான் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். திட்டம் நடந்தது. அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பட்டா எழுதினார்கள். வேலி போட்டிருந்தவர் பெயர் ஏறியது. நிபந்தனை என்ற ஒரு சொல் புதுப் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. பிழை நுழைந்தது 1980களில், வங்கி பார்க்கும் ஜன்னல் திறப்பது 1990களில். வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை. அது பதிவான பத்திரங்களை மட்டும்தான் சொல்லும். கேட்ட வருடங்களுக்கு மட்டும்தான் சொல்லும்.

தரகர் அசரவில்லை. "பட்டா இருக்குல்ல சார்? அதெல்லாம் அந்தக் காலத்துக் கத." மறுவாரம் போன் செய்தார். "கொல்லைய விட்டுட்டு நத்தத்த மட்டும் எடுத்துக்கறீங்களா? வெல கொறைச்சுத் தரச் சொல்றேன்." ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பதினேழு உத்தரம், மூன்றுதான் மாற்ற வேண்டும். ஆனால் பின்கட்டுக் கதவைத் திறந்தால் தினமும் அந்த வேலிதான். வேண்டாம் என்று சொன்னேன். விற்பவர் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. இப்போதிருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

நகலை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். கொல்லைக்குப் பின்னால் ஓடையைத் தாண்டினால் காலனி. பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி விசாரித்தபோது ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார்கள். பேரன் ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிருந்தான். பெரியவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது எங்க தாத்தா பேரு தம்பி." அவருக்கு அது செய்தி மாதிரித் தெரியவில்லை. மற்ற இரண்டு உட்பிரிவில் இப்போது ஒரு லாரி ஷெட் இருக்கிறது, வேறு கை மாறிவிட்டது என்று சொன்னேன். அதுவும் தெரியும் என்று தலையாட்டினார். வக்கீலம்மாவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

பிறகு ஒன்று கேட்டார். "அந்தப் புளியமரம் உள்ள வருதா, வெளிய வருதா? எங்கப்பா வெச்சதுன்னு சொல்லுவாங்க."

புலப்படம் என் பையில் இருந்தது. இருவரும் வேலி ஓரமாக நடந்துபோய், எல்லைக்கல்லிலிருந்து அடி வைத்து எண்ணினோம். மரம் உள்ளேதான் இருந்தது.