கடன் கொப்பியும் ஊரடங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறுவணிகர்களுக்கு முடக்கம் புதியதன்று. எனினும், 2020 இல் கொவிட் கொண்டுவந்த முடக்கம் முன்னர் அவர்கள் கண்டவற்றிலிருந்து வேறுபட்டது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், சவர்க்காரம், மின்கலம் முதலிய அன்றாடப் பொருள்களே தடைப்பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தல் விளக்கொளியில் மக்கள் இரவுகளைக் கழித்தனர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோதும் தட்டுப்பாடு திரும்பியது. அக்காலங்களில் சரக்கு அரிதாக இருந்தது; வாங்குவோர் காத்து நின்றனர். கடைக்குள் வந்து சேர்ந்த பொருள் தேங்கிக் கிடக்கவில்லை.

2020 இல் நிலைமை தலைகீழானது. மார்ச் 20 மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஓரிரு நாள்களில் குடாநாட்டில் முதல் தொற்றாளர் இனங்காணப்பட, தாவடிக் கிராமம் முடக்கப்பட்டது. யாழ்ப்பாணம் அபாய வலயமாயிற்று. ஏனைய பல மாவட்டங்களில் ஊரடங்கு இடையிடையே தளர்த்தப்பட்டபோதும் இங்கே தொடர்ந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கென வாங்கிய துணிகள் கடைகளிலேயே கிடந்தன. தையற்காரருக்கும் சலூன்காரருக்கும் அன்றன்றைய கைக்காசும் நின்றுபோனது. சரக்கு இருந்தது, வாடிக்கையாளர் இல்லை.

அரசு உதவாமல் இல்லை. மத்திய வங்கி 4 சதவீத வட்டியில் தொழில்முதல் கடனும் ஆறு மாதக் கடன் தவணைச் சலுகையும் அறிவித்தது. ஆனால் அவை வங்கிக் கணக்கும் பதிவும் ஏடுகளும் உள்ளவர்களுக்கே எளிதில் எட்டின. தவணை தள்ளிவைக்கப்பட்டதேயன்றிக் கடன் தள்ளுபடியாகவில்லை. பெட்டிக்கடைக்காரரின் ஏடு ஒன்றே ஒன்று: அயலவரின் பெயர் எழுதிய கடன் கொப்பி. எந்த வங்கியும் அதைப் பிணையாக ஏற்காது.

ஆயினும், ஊரடங்கில் கூலி இழந்த குடும்பங்களுக்கு அரிசியும் மாவும் கொடுத்தது அந்தக் கொப்பிதான். அரசின் 5000 ரூபா கைக்கு வருமுன்னரே அடுப்பு எரிய வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் கடைக்காரரே சுமந்தார். கொடுத்த கடனைக் கேட்க மனம் வராது; மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதைத் தவிர்க்கவும் முடியாது. இந்த இருதலைக்கொள்ளி நிலையில் அவர் இழந்த நித்திரை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அந்தக் காயம் ஆறுமுன்னரே 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்து சேர்ந்தது. இன்னொரு நோய்க்காலம் வருமாயின், நிவாரணத் திட்டம் வகுப்போர் வங்கி ஏடுகளோடு கடன் கொப்பியையும் திறந்து பார்க்க வேண்டும். ஊர் பிழைத்த கணக்கு அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.