தோலின் அமைப்பும் தோலின் வரலாறும்

தமிழில் அறிவியல் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் துதியாகவே எழுதப்படுகிறது. ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றிய பேச்சும் 'நோபல் பரிசு கிடைக்காம போச்சே' என்ற அங்கலாய்ப்போடு நின்றுவிடுகிறது. அவர் எதை ஆராய்ந்தார் என்று கேட்பவர்கள் குறைவு. அவர் ஆராய்ந்தது கொலாஜன். தோலின் முக்கியமான புரதம்.

ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனையும் அடுத்ததன் அமினோ முனையும் ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டு இணைவது பெப்டைட் பிணைப்பு. 1902இல் எமில் ஃபிஷரும் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டரும் தனித்தனியே முன்வைத்த கருத்து இது. சங்கிலி கோக்கப்படுவது இப்படி. அது எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பது வேறு கேள்வி. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ராமச்சந்திரன், ஜே. டி. பெர்னாலின் தூண்டுதலால் அந்தக் கேள்வியைக் கொலாஜனிடம் கேட்டார். கங்காரு வாலின் தசைநாண், 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது.

அவரும் கோபிநாத் கார்த்தாவும் 1954இல் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை 'நேச்சர்' இதழில் முன்வைத்தார்கள். 1955இல் அதைக் கயிறுபோல் முறுக்கிய முச்சுருளாகத் திருத்தினார்கள். கயிற்றின் நடுவில் இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் மிகச் சிறிய கிளைசினாக இருந்தாக வேண்டும். அதே ஆண்டு அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் மறுத்தார்கள்: சில அணுக்கள் மிதமிஞ்சி நெருங்கியிருக்கின்றன என்று. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? இந்தச் சர்ச்சையிலிருந்துதான் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம் பிறந்தது. பெப்டைட் பிணைப்பு ஏறக்குறையத் தட்டையானது, எளிதில் திருகாது. ஆல்பா கார்பனின் இருபுறமும் உள்ள இரண்டு கோணங்களே திரும்பும். அவற்றிலும் பெரும்பகுதி சாத்தியமில்லை என்று கணக்கு காட்டியது.

இந்தக் கதையாடலில் விடுபட்டவர்கள் யார் என்பது என் கேள்வி. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் போடும்போது, பட்டையின் டானின் கொலாஜன் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கிறது. தோல் அழுகாமல் நிற்கிறது. எவ்வளவு பட்டை, எத்தனை நாள் என்பது தலித் உழைப்பாளர்களின் கையில் தங்கியிருந்த அறிவு. சாதி அதைத் தீட்டு என்றது. வரலாறு அதை வெறும் உழைப்பு என்று எழுதிவிட்டு, அறிவு என்ற சொல்லை ஆய்வகத்துக்கு ஒதுக்கிக்கொண்டது.

அணுக்களுக்கிடையிலான தூரத்தையும் சாதி விதித்த தூரத்தையும் ஒப்பிட்டு உருவகம் பண்ண நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். கூடாது. முன்னதை அளக்கலாம், தப்பாக இருந்தால் மறுக்கலாம், ரிச்சும் கிரிக்கும் மறுத்த மாதிரி. பின்னது மனுஷன் போட்டது. இயற்கையின் பேரைச் சொல்லியே அது பிழைத்து வந்திருக்கிறது. உருவகத்தால் அதற்கு நாமும் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டாம்.

ராமச்சந்திரனின் சாதனை இதனாலெல்லாம் சிறுத்துவிடாது. கொலாஜனின் வரலாற்றில் குழியில் நின்றவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்கிறேன். அதை எழுத ஆய்வுக் கட்டுரைகள் போதாது. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போய், தோல் ஷாப்பில் வேலை செய்த பெரியவர்களிடம் கேட்டாகணும்.