டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்: வீட்டுச் சேமிப்புச் சேர்வரில் பழுது எங்கே இருக்கிறது?

எங்கள் வீடுகள் பலவற்றில் இன்றும் மிகப் பெறுமதியான பொருள் பொலித்தீன் பைக்குள் இருக்கும் கடதாசிகள்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பாடசாலைப் படம். இடம்பெயரும்போது வேறெதை விட்டாலும் அந்தப் பையை விடாமல் கொண்டு வந்தவர்கள் நாங்கள். இப்போது பலர் அவற்றை ஸ்கேன் செய்து, வீட்டிலோ சிறு அமைப்பின் அறையிலோ உள்ள ஒரு சேமிப்புச் சேர்வரில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியான சேர்வர்களைப் பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு. "டிஸ்க் போய்விட்டது" என்று வரும் அழைப்புகள் பலவற்றில் டிஸ்க் நன்றாகவே இருக்கும். பழுது வயரிலோ மின்சாரத்திலோ கொன்ட்ரோலரிலோ இருக்கும். தரவு நிரந்தரமாக அழிவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, அவசரத்தில் செய்யும் வேலைகளால். அந்த முதல் மணித்தியாலத்தில் எதை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்யக் கூடாதவை

கழற்றிய டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் பொருத்தினால், அதை "இனிஷியலைஸ்" செய்யவா, "ஃபோர்மட்" செய்யவா என்று திரையில் கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ரெயிட் தொகுதியைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைக் கொடுக்காதீர்கள். கோப்பு அமைப்பைத் திருத்தும் கட்டளைகளும் இப்போது வேண்டாம். அவை டிஸ்க்கில் எழுதுகின்றன. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

சேர்வர் இன்னும் வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தால், பழுது தேடுவதற்கு முன்பே மீண்டும் பெற முடியாதவற்றை வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். சினிமாப் படங்கள் பிறகு பார்க்கலாம். உறுதியும் வாக்குமூலமும் படங்களும் முதலில்.

ஒரு டிஸ்க்கா, பலவா?

ஒரு டிஸ்க்கிலிருந்து தரவு கேபிள் வழியாகக் கொன்ட்ரோலருக்கும், அங்கிருந்து மதர்போர்ட்டுக்கும் போகிறது. மின்சாரம் தனி வயரில் வருகிறது. இந்தப் பாதையில் எங்கு பழுது வந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: டிஸ்க்கைக் காணவில்லை.

ஆகவே நான் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் போயின என்பது. ஒன்று மட்டும் என்றால் அந்த டிஸ்க்கையோ அதன் கேபிளையோ சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று டிஸ்க்குகள் ஒரே நிமிடத்தில் வெளியேறினால், அவை பொதுவாகப் பகிரும் ஒன்றில்தான் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். அது ஒரே மின் வயராக இருக்கலாம், ஒரே கொன்ட்ரோலராக இருக்கலாம், ஒரே கேபிள் கட்டாக இருக்கலாம். ஒரு சிறு அமைப்பின் சேர்வரில் நான்கில் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றாக மறைந்தன. இரண்டும் ஒரே பிரிப்பு வயரிலிருந்து மின்சாரம் எடுத்தன. அந்த வயரை மாற்றியதும் இரண்டும் முழுத் தரவோடு திரும்பி வந்தன. இரண்டு புதிய டிஸ்க்குகள் வாங்க அவர்கள் ஏற்கெனவே விலை கேட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்களில் மின்சாரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போய் வரும்போது பவர் சப்ளை தேய்கிறது. டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரம் சுழலத் தொடங்கும்போதுதான் அவற்றுக்கு அதிக மின்சாரம் தேவை. பலவீனமான பவர் சப்ளை அந்த நேரத்தில் காலை வாரும். கரையோர ஊர்களில் ஈரமும் உப்புக் காற்றும் இணைப்பு முனைகளைக் கெடுக்கும். கேபிளைக் கழற்றி மீண்டும் இறுக்கமாகப் பொருத்துவதே சில வேளைகளில் முழு வைத்தியம்.

ஸ்மார்ட் எண்களை வாசித்தல்

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே பதிகிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மொன்டூல்ஸ் ஆகிய இலவச மென்பொருள்கள் அதை வாசித்துக் காட்டும். "நலம்" என்று வரும் ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம். சாட்டா டிஸ்க்குகளில் நான் பார்ப்பது நான்கு வரிகளை.

5 ஆம் இலக்கம்: கெட்டுப்போனதால் ஒதுக்கி, மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் தொகை.

197: வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள்.

198: சோதனையின்போது வாசிக்கவே முடியாமற்போன பகுதிகள்.

199: டிஸ்க்குக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையிலான பயணத்தில் தரவு பிழைத்த தடவைகள்.

முதல் மூன்றும் கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கின் உள்ளே பழுது. 199 மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்பு. 199 இன் தொகை ஒருபோதும் குறையாது. ஆகவே இன்றைய எண்ணைத் திகதியோடு எழுதி வைத்து, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அதே எண் நின்றால் பழுது தீர்ந்தது. சில நிறுவனங்களின் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய இலக்கங்களில் பயமுறுத்தும் பெரிய தொகைகள் தெரியும். அது அவற்றைப் பதியும் முறை. அதைக் கண்டு டிஸ்க்கை வீசாதீர்கள்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

எதையும் கழற்றுமுன் தொலைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும், அது எந்தப் போர்ட்டில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பிறகு சேர்வரை நிறுத்தி, சந்தேகத்துக்குரிய டிஸ்க்கின் கேபிளை மட்டும் மாற்றுங்கள். பழுது நின்றால் கேபிள்தான் காரணம். நிற்காவிட்டால் டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். பழுது டிஸ்க்கோடு போனால் டிஸ்க். பழைய போர்ட்டிலேயே நின்றால் போர்ட் அல்லது கொன்ட்ரோலர். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

லினக்ஸின் மென்பொருள் ரெயிட், இசட்எஃப்எஸ் ஆகியவை டிஸ்க்கில் எழுதப்பட்ட அடையாளத்தைக் கொண்டே அதை அறிகின்றன. அதனால் போர்ட் மாறினாலும் குழப்பம் இல்லை.

கொன்ட்ரோலர் அட்டை

பழைய சேர்வர்களிலிருந்து கழற்றிய கொன்ட்ரோலர் அட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை பலமான காற்றோட்டம் உள்ள பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. வீட்டுப் பெட்டியில், எங்கள் வெயிலில், சூடேறி டிஸ்க்குகளைக் கைவிடும். பெரிய கோப்புகளைப் பிரதி செய்யும்போது மட்டும் டிஸ்க்குகள் மறைந்தால் இதைச் சந்தேகியுங்கள். அட்டையின் மேல் ஒரு சிறிய விசிறி பூட்டினால் பல வேளைகளில் போதும்.

அட்டையே ரெயிட்டை நடத்தும் வகை என்றால் வேறொரு ஆபத்து உண்டு. அட்டை செத்தால், தரவை வாசிக்க அதே வகை அட்டை தேவைப்படலாம். இங்கே அதைத் தேடி எடுப்பது இலகுவல்ல. ஆகவே டிஸ்க்குகளை அப்படியே கணினிக்குக் காட்டும் அட்டையையும், மென்பொருள் ரெயிட்டையும்தான் நான் பரிந்துரைப்பேன். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே பிரதியை வைக்கும் ரெயிட் 1 வீட்டுக்குப் போதும்.

நல்ல டிஸ்க்கும் வெளியேற்றப்படலாம். சாதாரண மேசைக்கணினி டிஸ்க் ஒரு கெட்ட பகுதியை வாசிக்க நீண்ட நேரம் முயலும். லினக்ஸ் வழமையாக 30 விநாடிதான் காத்திருக்கும். சேமிப்புச் சேர்வருக்கென விற்கும் டிஸ்க்குகள் 7 விநாடியளவில் விட்டுவிடுவதால் தொகுதி குலையாது. எஸ்எம்ஆர் எனப்படும், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து எழுதும் டிஸ்க்குகள் மீள்கட்டுமானத்தின்போது மிக மெதுவாகும். வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று கேளுங்கள்.

டிஸ்க்தான் பழுது என்றால்

மீள்கட்டுமானம் தொடங்குமுன் மிச்ச டிஸ்க்குகளின் ஸ்மார்ட் எண்களையும் பாருங்கள். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகளுக்கு ஒரே வயது. நாள் முழுக்க ஓடும் அந்த வேலையின்போதே இரண்டாவதும் போகக்கூடும். வேறு பிரதி இல்லாவிட்டால் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் பழுதான டிஸ்க்கின் முழுப் படியை நல்ல டிஸ்க் ஒன்றுக்கு எடுங்கள். அது முதலில் இலகுவாக வாசிக்கக்கூடியதை எடுத்துவிட்டு, கடினமான பகுதிகளுக்குப் பிறகு திரும்பும். மின்சாரம் நின்றாலும், பதிவுக் கோப்பை வைத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கடைக்குக் கொடுக்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். வாக்குமூலங்களும் சாட்சிகளின் பெயர்களும் உள்ள டிஸ்க், முன்பின் தெரியாத ஒருவரின் மேசைக்குப் போகிறது. அடுத்த சேர்வரை அமைக்கும்போதே தரவை மறைகுறியாக்கி வையுங்கள். கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி, நம்பிக்கையான இருவரிடம் வேறு வேறு இடத்தில் கொடுங்கள்.

ரெயிட் ஒரு பிரதி அல்ல. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாகவே அழியும். இடியும் வெள்ளமும் திருட்டும் முழுப் பெட்டியையும் கொண்டுபோகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றில் வேறிடத்தில் பிரதி இருந்தவற்றை மட்டுமே திரும்பத் தேட முடிந்தது. உங்கள் பையிலுள்ள கடதாசிகளுக்கும் அதே நியதிதான். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் அல்லது வெளிநாட்டிலுள்ள உறவினர் வீட்டில். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து, அது உண்மையாகவே வாசிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.