புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்: கற்பாரை நாடிச் சென்ற கல்வி

ஆசிரியர் இருக்குமிடத்தை நாடி மாணவர் செல்லுதலே நம் நாட்டுக் கல்வி மரபாகும். திண்ணைப் பள்ளியும் பிற்காலப் பள்ளிக்கூடமும் இவ்வகையில் வேறுபட்டன அல்ல. வறுமையாலும் உழைப்பாலும் வர இயலாதார் இம்மரபில் கல்விக்குப் புறத்தே நின்றனர். இந்நிலையை மாற்ற முனைந்த முயற்சிகளுள் 1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம் தலையாயது. அதன் அமைப்பு ஈண்டு ஆராயப்பெறுகின்றது.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. 1990இல் கேரளத்து எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வழியில் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் இணைந்து பணியாற்றினர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

மழையையும் கண்மாயையும் நம்பிய வறண்ட நிலம் புதுக்கோட்டை. வயல் வேலை, கல்லுடைத்தல் முதலியவற்றால் வாழ்ந்த மகளிர்க்குப் பகலில் ஓய்வில்லை. ஆகவே வகுப்பு அவர்கள் குடியிருப்பிலேயே, வேலை முடிந்த பொழுதில் நடந்தது. கற்பித்தோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். கற்போரின் காலமும் இடமுமே பாடத்திட்டத்தின் முதல் விதியாயின என்பது இதனாற் பெறப்படும்.

மகளிர் தொண்டர் தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குச் செல்லுதல் அரிதாயிருந்தது. இத்தடையை நீக்க ஆட்சியர் மிதிவண்டிப் பயிற்சியையும் எழுத்தறிவுப் பணியின் ஒரு கூறாக்கினார். பெண்களுக்கென அமைந்த வண்டிகள் போதாமையால் ஆடவர் வண்டிகளையே பலரும் ஓட்டிப் பழகினர். தண்ணீர்க் குடமும் குழந்தையும் அவ்வண்டிகளில் ஏறின. பேருந்துக்குக் காத்திருத்தலும், போக்குவரவுக்கு ஆடவரை எதிர்நோக்குதலும் குறைந்தன. இதழாளர் பி. சாய்நாத் இம்மாற்றத்தை விரிவாக எழுதியுள்ளார். எழுத்தறிவும் இயங்கும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கின என்க.

1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் அறிவிப்பு வேறு, நிலைத்த பயிற்சி வேறு. கைந்நாட்டு வைத்தவர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தமை பெரும்பேறே. எனினும் கையெழுத்திட வல்லார் அனைவரும் நூலைத் தொடர்ந்து படிக்க வல்லாராயினர் என்று கொள்ளுதல் பொருந்தாது. இதற்கு ஒரு காரணம் தமிழ் கற்பிக்கும் நம்மை நேரே சாரும். ‘வந்தாங்க’ என்று பேசுவார்க்கு ‘வந்தார்கள்’ என்னும் வடிவம் எழுத்தோடு சேர்த்துக் கற்க வேண்டிய மற்றொரு மொழி போன்றது. இம்மாவட்டத்தில் தங்கி ஆய்ந்த மானிடவியலார் பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியிட்ட நூலில் பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் உள்ள இவ்விடைவெளியை எடுத்துக்காட்டியுள்ளார். இரட்டை வழக்கு என நாம் இலக்கண வகுப்பில் விளக்கும் ஒன்று, அவ்விரவு வகுப்புகளில் கற்போரின் இடர்ப்பாடாக நின்றது.

2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றபோது பழைய வினா மீண்டும் எழுந்தது. கைப்பேசி வழிக் கல்வி, அக்கருவி இல்லாத வீட்டுக் குழந்தையைப் புறத்தே நிறுத்தியது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் தன்னார்வலர் மாலையில் குடியிருப்புகளில் கற்பித்தனர். முப்பதாண்டுக்கு முன் புதுக்கோட்டையில் மேற்கொண்ட நெறியோடு இஃது ஒத்திருத்தல் வெளிப்படை.

இடம், காலம், இயக்கம் ஆகிய மூன்றிலும் கற்பாரை நோக்கிக் கல்வியை நகர்த்தலாம் என்பதைப் புதுக்கோட்டை காட்டிற்று. நான்காவதாகிய மொழி இன்னும் எஞ்சியுள்ளது. பேச்சு வழக்கினின்று எழுத்து வழக்கிற்குப் படிப்படியாக அழைத்துச் செல்லும் பாடநூல்களை வகுத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.