ஈயக் குண்டின் வன்மை



மெல்லிய குண்டு கொடியதா, வலிய குண்டு கொடியதா என்று மாணவரை வினவினால், வலியதே என்று தயக்கமின்றி விடையிறுப்பர். வரலாறு தரும் விடையோ வேறு.

1776 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் திகதி அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் நியூ யோர்க் நகரில் வாசிக்கப்பட்டது. கேட்டு எழுச்சியுற்ற மக்கள் அன்றே மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் சிலையைக் கயிறுகட்டி வீழ்த்தினர். பொன்முலாம் பூசிய அச்சிலை ஈயத்தால் ஆனது. அதன் துண்டுகள் பல, லிச்பீல்ட் என்னும் ஊரிலிருந்த ஒலிவர் வொல்கொட்டின் இல்லத்தை அடைந்தன. அங்கே பெண்களும் சிறுவரும் அவற்றை உருக்கி வார்த்த குண்டுகள் 42,088 என்று கணக்கு எழுதிவைத்துள்ளனர். மன்னரின் திருவுருவமே அவர் படைமேற் பாயும் குண்டாயிற்று.

வீட்டு நெருப்பில் இது கைகூடியது ஈயத்தின் இயல்பினால் ஆகும். 327 பாகை சென்ரிகிறேட்டில் அது உருகும். நகத்தாற் கீறினாலும் தடம் விழும். வன்மையை அறிய அந்நாளிற் கையருகே இருந்த சோதனை அந்த நகக்கீறலே.

1849 இல் பிரான்சு நாட்டவரான மினியே அடிக்குழிவுள்ள குண்டொன்றை அமைத்தார். வெடிமருந்தின் அழுத்தத்தால் அதன் அடிப்பாகம் விரிந்து, துவக்குக் குழாயின் சுழல்வரைகளைப் பற்றிக்கொள்ளும். ஈயம் மென்மையாக இருந்தால் மட்டுமே இது நிகழும். ஆனால் அதே மென்மை, உடலைத் தாக்கியதும் குண்டைத் தட்டையாக்கி எலும்பை நொறுக்கியது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால்களை இழந்தோர் பல்லாயிரவர்.

1884 இல் பிரான்சிற் புகையற்ற வெடிமருந்து தோன்றவே குண்டின் வேகம் பெருகியது. மெல்லீயம் அவ்வேகத்தைத் தாங்காது குழாயில் அப்பிக்கொண்டது. ஆதலால் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து ஈயத்தை வன்மைப்படுத்தினர். படைத்துவக்குகளின் குண்டுகளுக்கு வேற்று உலோகக் கவசமும் இட்டனர். பின்னர், கல்கத்தாவை அடுத்த தம்தம் தொழிற்சாலையில், நுனியில் மெல்லீயம் வெளித்தோன்றும் குண்டுகளை ஆங்கிலேயர் செய்தனர். உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் விலக்குவதென 1899 இல் ஹேக் மாநாடு பிரகடனஞ் செய்தது. ஓர் உலோகத்தின் மென்மை சர்வதேசச் சட்டத்தின் பொருளாயிற்று.

அடுத்த ஆண்டே, 1900 இல், சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பிரினெல் வன்மையை எண்ணால் அளக்கும் முறையை வெளியிட்டார். உருக்குக் குண்டொன்றைக் குறித்த பாரத்தால் உலோகத்தில் அழுத்தி, விழும் பள்ளத்தின் குறுக்களவைக் கொண்டு கணிப்பதே அம்முறை. தூய ஈயம் ஏறத்தாழ 5 என்னும் எண்ணைப் பெறும். மெல்லுருக்கோ 120 அளவில் நிற்கும்.

இன்றும் இலக்குச் சுடுவோர் சிலர் வீட்டிலேயே குண்டு வார்த்து, சிறு கருவிகளால் இவ்வாறே சோதிக்கின்றனர். வேறு சிலர் பல தரப் பென்சில்களாற் கீறிப் பார்க்கின்றனர். பென்சிலுள் இருப்பது ஈயமன்று. நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்திலும் கிடைக்கும் காரீயமும் களிமண்ணும் சேர்ந்த கலவை. களிமண் மிகுந்தால் அதன் வன்மையும் மிகும்.

நகக்கீறல் எண்ணாக மாறியது அறிவின் வெற்றி. ஆயினும், அந்த எண் எத்தொழிலுக்குப் பயன்படல் வேண்டும் என்பதைக் கருவி கூறமாட்டாது. அதனைக் கூற 1899 இல் மனிதர் ஒன்றுகூட வேண்டியிருந்தது.