ஒரு ரூபாய்த் தாளும் ஓர் இலைச் சாப்பாடும்



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு பழைய ஓட்டல் விலைப்பலகைப் படம் வந்தது. "அடடா, பொற்காலம்!" என்று ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். வரலாற்று வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா?

1967இல் கோவையில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை. ஊரிலிருந்து மாதாமாதம் மணியார்டர். அதில் வருவது பெரும்பாலும் ஒரு ரூபாய்த் தாள்கள். (அந்தத் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான். பரீட்சையில் கேட்டேன், பாதிப்பேர் கோட்டை விட்டீர்கள்.)

ஒரு ரூபாய்க்கு நான் போன ஓட்டலில் காலையில் நாலு இட்லி, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலத்துக்கும் சில்லறை மிஞ்சும். 1957லேயே நயா பைசா வந்துவிட்டது. ஆனாலும் சப்ளையர் கல்லாவைப் பார்த்து "ஆறணா!" என்றுதான் கத்துவார். மதியம் முழுச் சாப்பாடு என்றால் அந்த ஒரு ரூபாயும் அப்படியே போய்விடும். அளவுச் சாப்பாடு சற்றுக் குறைவு, இரண்டாம் தடவை சோறு கேட்க முடியாது.

அது என்ன காலம் தெரியுமா? 1965இல் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவை விடச் சொன்னார், ஓட்டல்கள் அன்று இரவு பூட்டிக் கிடந்தன. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 7.50 ஆனது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்து ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார். சென்னைக்கும் கோவைக்கும்தான் அது. எங்கள் ஊருக்கு வரவில்லை. அறைவாசியான எனக்கோ ரேஷன் அட்டை கிடையாது.

அந்த வருஷம் அப்பா ஒரு விசேஷத்துக்காகக் கோவைக்கு வந்தார். பெருமையாக ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இரண்டு முழுச் சாப்பாடு சொன்னேன். மறுசோறு வந்தபோது இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "ரெண்டு ரூவாயா? ஏஞ்சாமி, ஒரு நாள் முச்சூடும் தறியில உக்கார்ந்த காசு இது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத்தான் போட்டார்.

இதைத்தான் விலைப்பலகை சொல்லாது. இன்று கட்டட வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியில் அதுபோல நாலைந்து சாப்பாடாவது வாங்கலாம். பகல் முழுக்கக் குழித்தறியில் கால் வைத்திருந்த என் அப்பாவால் இரண்டுதான் வாங்க முடிந்தது.

மறுநாளிலிருந்து அளவுச் சாப்பாட்டுக்கு மாறினேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. அறை நண்பன் எவனோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாத மணியார்டரில் ஐந்து ரூபாய் கூடுதலாக வந்தது. ஒட்டியிருந்த சீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்தில் ஒரே வரி: "மறுசோறு வாங்கித் தின்னவும்."

பலகைப் படம் போட்டவர் யாரப்பா? அது எந்த ஊர், எந்த வருஷம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.